திறக்காத வீடியோவுக்குள் என்ன இருக்கிறது? எஃப்எஃப்புரோப் பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

உப்புவெளி, வீடியோ எடிட்டிங் செய்பவர்

வணக்கம். கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று திருகோணமலையில் பத்து வருடமாக வீடியோ எடுத்து எடிட் செய்கிறேன். போன வருடம் நடந்த ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். வீடியோ ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் எஃப்எஃப்புரோப் என்ற கருவியைப் பற்றியது அது. அதில் உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள்.

மகா சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது இங்கே வீட்டுக்கு வீடு வாசலில் பூரணகும்பம் வைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, தன் அப்பா வாசலில் நின்று சுவாமியை வரவேற்பதைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தார். சனம் நெருக்கியதில் போன் தார் ரோட்டில் விழுந்து அணைந்துவிட்டது. திரும்பப் போட்டபோது அந்த வீடியோ மட்டும் திறக்கவில்லை. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து அப்பா காலமானார். முப்பத்தோராம் நாளுக்குப் படம் தேடும்போதுதான் தெரிந்தது, அவர் நடமாடுவதும் பேசுவதுமாக வீட்டில் இருந்த ஒரே வீடியோ அதுதான் என்று.

ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "ஃபைல் செத்துப்போச்சு, ஒன்றும் செய்ய ஏலாது" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு என்னிடம் வந்தார்.

நான் முதலில் ஃபைலின் ஒரு பிரதியை எடுத்தேன். மூலத்தில் கை வைக்கவே கூடாது. பிறகு கொம்பியூட்டரில் டெர்மினலைத் திறந்து, எஃப்எஃப்புரோப் (ffprobe) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஃபைலை மவுஸால் இழுத்து அந்தக் கறுப்புத் திரையில் விட்டு, என்டர் தட்டினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எஃப்எஃப்புரோப் தனியாக வாங்கும் மென்பொருள் இல்லை. 2000ஆம் ஆண்டில் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசத் தொகுப்போடு சேர்ந்தே வரும். பட்டன், படம் எதுவும் கிடையாது. ஒரு ஃபைலைக் கொடுத்தால் அதன் நீளம், பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு), உள்ளே படம், ஒலி என்று எத்தனை ஓடைகள், படம் எந்த கோடெக்கில் (சுருக்கி எழுதும் முறையில்), ஒலி எந்த கோடெக்கில் என்று நாலைந்து வரியில் சொல்லும். ஃபைலில் எதையும் மாற்றாது.

அன்றைக்கு அது அந்த வரிகள் எதையும் சொல்லவில்லை. "மூவ் ஆட்டம் நொட் ஃபவுண்ட்" (moov atom not found), அதாவது மூவ் என்ற பகுதி கிடைக்கவில்லை என்று ஒரே வரி.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஏன் என்று விளக்குகிறேன். எம்பி4 ஃபைலில் இரண்டு முக்கியமான பகுதிகள் உண்டு. படமும் ஒலியும் எடுக்க எடுக்க ஒரு பெரிய பெட்டியில் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு எம்டாட் என்று பெயர். எந்த ஃபிரேம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நொடியில் காட்ட வேண்டும் என்ற அட்டவணைதான் மூவ். பெரும்பாலான போன்கள் அதை நாங்கள் ஸ்டொப் அழுத்திய பிறகுதான் எழுதும். இங்கே ஸ்டொப் அழுத்த முதலே போன் அணைந்துவிட்டது. ஆனால் ஃபைலின் அளவைப் பார்த்தால் 1.4 ஜிபி. உள்ளே படம் இருக்கிறது, அட்டவணை மட்டும் இல்லை. பொருளடக்கம் கிழிந்த புத்தகம் மாதிரி. பக்கங்கள் எல்லாம் பத்திரமாக உள்ளே கிடக்கின்றன.

இப்படியான ஃபைலுக்கு அன்ட்ரங்க் என்று ஒரு கருவி இருக்கிறது. அதே போனில் எடுத்த, நன்றாக ஓடும் இன்னொரு வீடியோவை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த ஃபைலுக்குப் புதிய அட்டவணை கட்டும். அக்காவின் போனை வாங்கி நானே ஒரு நிமிடம் எடுத்து அதை மாதிரியாகக் கொடுத்தேன். வந்ததெல்லாம் பச்சையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக. அரை நாள் போய்விட்டது. அப்புறம்தான் நான் எடுத்த மாதிரியையே எஃப்எஃப்புரோப்பில் போட்டுப் பார்த்தேன்: 3840க்கு 2160. விழுந்த பிறகு போனைத் திருத்தக் கொடுத்த இடத்தில் யாரோ கமரா செட்டிங்கை 4கேக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள். அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, அன்றைக்கே எடுத்த வேறு வீடியோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். சுவாமி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கும்பம் வைத்த மேசையை 40 விநாடி எடுத்திருந்தார். எஃப்எஃப்புரோப் சொன்னது: எச்264, 1920க்கு 1080, 30 ஃபிரேம், ஒலி ஏஏசி, 48000 ஹெர்ட்ஸ். அதை மாதிரியாகக் கொடுத்து மறுபடி ஓட்டினேன்.

வெளியே வந்த ஃபைலில் நீளம் 11 நிமிடம் 20 விநாடி என்று எஃப்எஃப்புரோப் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வீடியோவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கற்பூரம் அணைந்துவிடாமல் கையால் மறைத்தபடி, "தள்ளி நில்லுங்கோ பிள்ளை, சுவாமி வாறார்" என்கிறார். அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிண்ணியா, ஆசிரியை

அஸ்ஸலாமு அலைக்கும். மேலே எழுதியதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதையும் இதற்குப் பக்கத்தில்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் வீட்டில் அல்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ராத்தாவின் கல்யாண விசிடி ஒரு பிரதி கண்டியில் சாச்சி வீட்டில் இருந்தது. இத்தனை வருடம் அதுதான் எங்களுக்கு வாப்பாவின் முகம். அதைக் கொம்பியூட்டருக்கு மாற்றலாம் என்று ஒரு இடத்தில் கேட்டபோது, "ஹெச்டியாகவே எடுத்துத் தாறம், பளிச்சென்று இருக்கும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். கொடுக்கலாம் என்றுதான் உம்மாவும் சொன்னார்.

கொடுக்க முதல் என் மாணவன் ஒருவன் எஃப்எஃப்புரோப்பைக் காட்டித் தந்தான். தட்டுக்குள் பெயர் டிஏடி (.dat) என்று முடியும் ஒரு ஃபைல் இருந்தது. அதைக் கொடுத்ததும் வந்த விவரம்: எம்பெக்1, 352க்கு 288, நொடிக்கு 25 ஃபிரேம், படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட், ஒலி 224. நான் கணிதம் படிப்பிக்கிறவள். 352ஐயும் 288ஐயும் பெருக்கினால் 1,01,376 புள்ளிகள். முழு ஹெச்டி 20,73,600. இருபது மடங்கு. வாப்பாவின் முகத்தில் இருபதில் ஒரு பங்குதான் அந்தத் தட்டில் எழுதப்பட்டிருக்கிறது. மிச்சம் பத்தொன்பதையும் மென்பொருள் ஊகித்துத்தான் வரையும். அது வேறு யாருடைய முகமோ ஆகிவிடும் என்று எனக்குப் பயம் வந்தது.

அதனால் எதையும் மாற்றாமல், படத்தையும் ஒலியையும் உள்ளபடியே புதிய உறையில் போடும் கொப்பி முறையில் எடுத்தோம். முழுக் கல்யாண வீடியோவையும் மாற்றி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முதல் எல்லாரும் பாதையில்தான் (ஆட்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவையில்தான்) கடக்க வேண்டும். அந்த வீடியோவில் மாப்பிள்ளை வீட்டார் பாதையில் வந்து இறங்குகிறார்கள், வாப்பா கரையில் நின்று கை கொடுத்து இறக்குகிறார். மங்கல்தான். எங்களுக்கு அது போதும்.

தம்பலகாமம்

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் இரண்டு நாள் தின்ற விஷயம். கோயில் கும்பாபிஷேகத்தை மூன்று போனில் எடுத்தோம். எது முன், எது பின் என்று அடுக்கும் வேலை என் தலையில். எஃப்எஃப்புரோப்பில் கிரியேஷன் டைம் என்று ஒரு வரி வரும். காலை 6.10க்குத் தண்ணீர் வார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அது 0.40 என்று காட்டியது. போன் பழுது என்று நினைத்தேன். மற்ற இரண்டிலும் அதே மாதிரி. பிறகுதான் விளங்கியது, அந்த நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணி கூட. அதிகாலை 5.30க்கு முன் எடுத்த யாகசாலைக் காட்சிகளுக்கெல்லாம் திகதியே முதல் நாளாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அடுக்குவதற்குப் பத்து நிமிடம்தான் போனது.

உவர்மலை

நான் வீட்டில் சமைப்பதை எடுத்து யூடியூபில் போடுகிறேன். தேங்காய்ப்பால் விட்ட கணவாய்க் கறி, கீரிமீன் குழம்பு, இப்படி. நிறையப் பேர் மூல வீடியோவையே அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்பிவிடுவேன், தரம் குறையாமல் போகும் என்று.

தம்பி ஒருநாள் அதில் ஒன்றை எஃப்எஃப்புரோப்பில் போட்டு, "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டான். லொகேஷன் என்ற வரியில் 08.5 என்று தொடங்கும் ஓர் எண், 081.2 என்று தொடங்கும் ஓர் எண். இரண்டிலும் தசமப் புள்ளிக்குப் பின் நாலு இலக்கம். அதை மப்பில் போட்டால் எங்கள் வீட்டுக் கூரை. நாலு இலக்கம் என்றால் ஏறக்குறையப் பதினொரு மீட்டருக்குள் ஆளைக் கண்டுபிடிக்கலாமாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. முகம் தெரியாத எத்தனை பேருக்கு அனுப்பினேன்!

உடனே கமரா செட்டிங்கில் லொகேஷனை நிறுத்தினேன். பழைய வீடியோக்களை எஃப்எஃப்எம்பெக்கில் மெட்டாடேட்டா (எடுத்த இடம், நேரம் போன்ற விவரங்கள்) இல்லாமல் கொப்பி எடுத்து, எடுத்ததையும் மறுபடி எஃப்எஃப்புரோப்பில் போட்டு அந்த வரி போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் இப்போது அனுப்புகிறேன். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். புகைப்படத்திலும் இதே விவரம் இருக்கும். அதற்கு எக்ஸிஃப்டூல் நல்லது.

பாலையூற்று

கோயில் மேளக் கச்சேரி. மண்டபத்துக்குள்ளே வெளிச்சம் குறைவு. போனில் எடுத்து எடிட்டரில் போட்டால் தொடக்கத்தில் எல்லாம் சரி. இருபதாவது நிமிடத்துக்கு வரும்போது தவில்காரரின் கழி தோலில் பட்டு, அரைநொடி கழித்துத்தான் சத்தம். வலது கையில் கூடு போட்ட விரல்கள் ஓடுவதற்கும் சொற்கட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தவிலில் அரைநொடி என்பது சின்ன விஷயமா? வித்துவானுக்கே அவமரியாதை. ஒலியை இழுத்து இழுத்துப் பொருத்திப் பார்த்தேன். ஒரு இடத்தில் சேரும், அடுத்த தனியாவர்த்தனத்தில் விலகும்.

எஃப்எஃப்புரோப்பில் ஓடை விவரங்களை முழுதாகக் காட்டச் சொன்னால் ஃபிரேம் ரேட் இரண்டு இடத்தில் வரும். ஒன்றில் 30 என்று இருந்தது, சராசரி என்ற வரியில் பின்னமாக ஒரு பெரிய எண். வகுத்துப் பார்த்தால் 30ஐவிடச் சற்றுக் குறைவு. வெளிச்சம் குறையும்போது போன் ஃபிரேமைக் குறைத்துக்கொள்கிறது. எடிட்டரோ எல்லாம் சமமான 30 என்று நம்பி அடுக்குகிறது. நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு முதலில் மாற்றிவிட்டு எடிட்டரில் போட்டேன், கடைசித் தீர்மானம் வரை கையும் சத்தமும் ஒன்றாக நின்றன. பின்னத்தை வகுக்கப் பஞ்சிப்படுகிறவர்கள் மீடியாஇன்ஃபோ பாருங்கள். அது வேரியபிள் என்று நேராகவே சொல்லிவிடும்.

நிலாவெளி

ஹோட்டல் வரவேற்பறை ரிவியில் புறாமலைக் கடலடி வீடியோ போட வேண்டும். சத்தம் வருகிறது, படம் இல்லை. பென் டிரைவை மூன்று தரம் மாற்றினேன். எஃப்எஃப்புரோப் சொன்னது: ஹெச்இவிசி என்ற புதிய கோடெக், 10 பிட். எங்கள் பழைய ரிவிக்கு எச்264 மட்டும்தான் தெரியும். படத்தை மட்டும் மாற்றி ஒலியை அப்படியே விட்டேன், ஓடிவிட்டது.

மூதூர்

உப்புவெளி அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்களிடமும் அதே மூவ் ஆட்டம் பிழை காட்டும் ஃபைல் ஒன்று இருக்கிறது. அம்மம்மாவோடு கடைசியாக எடுத்தது. ஆனால் அந்தப் போன் இப்போது இல்லை, அதில் எடுத்த வேறு வீடியோவும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியவை கொஞ்சம் கிடக்கின்றன.

உப்புவெளி, வீடியோ எடிட்டிங் செய்பவர்

தங்கச்சி, வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போனவை மாதிரியாகப் பயன்படாது, அது வேறாகச் சுருக்கி எழுதிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பியது ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அதே மொடல் போன் யாரிடமாவது இருந்தால் போதும். சொந்தப் போனாக இருக்க வேண்டியதில்லை. 1080 அளவில் ஒன்று, 4கேயில் ஒன்று, 30 ஃபிரேமில், 60 ஃபிரேமில் என்று சின்னச் சின்னதாக எடுத்து, ஒவ்வொன்றையும் எஃப்எஃப்புரோப்பில் பார்த்துப் பெயர் எழுதி வையுங்கள். ஏதாவது ஒன்று பொருந்த வாய்ப்பு நிறைய இருக்கிறது. உடைந்த ஃபைலை எதிலும் போட்டு ரிப்பேர் செய்யாதீர்கள், முதலில் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். ஃபைல் எத்தனை எம்பி, போன் என்ன மொடல் என்று எழுதுங்கள். என் மச்சானிடம் பழைய போன்கள் நாலைந்து கிடக்கின்றன, இன்றைக்கே கேட்டுப் பார்க்கிறேன்.