ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தோடு வேலை செய்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சுத்தம் செய்யும் ஆசிட் தொட்டியில் நைட்ரிக்கோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சேர்கிறது. எனக்குப் பயமே இரண்டாவதில்தான். நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாது, பல மணி நேரம் கழித்துக்கூட வலி வரலாம். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத்துடிப்பே குலைந்துபோகலாம். பையன்களோ மெல்லிய லேடெக்ஸ் கையுறையோடு நிற்கிறார்கள், பார்க்கவே பதறுகிறது.

பட்டவுடன் தண்ணீரில் கழுவி, 2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது தெரியும். சரி, கையுறை? நியோபிரீனா, பியூட்டைல் ரப்பரா, எது உங்களுக்கு நன்றாகத் தாங்குகிறது? ஜெல்லை எங்கெங்கே வைக்கிறீர்கள்? அப்புறம், இந்த அமிலம் கண்ணாடியையே அரிக்குமே, தொட்டியிலிருந்து மாதிரி எடுக்க எந்த வகை பிளாஸ்டிக் குடுவை நல்லது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.