‘சாங்ஷன்’ என்பது அனுமதியா, தடையா?

பொருநை:
வணக்கம். ‘லோன் சாங்ஷன் ஆகிவிட்டது’ என்று கேட்டால் வீடே மகிழ்கிறது. அதே சொல் உலகச் செய்திகளில் வரும்போது பொருளாதாரத் தடை என்று பொருள்படுகிறது. நான் தமிழாக்கம் செய்துவரும் ஓர் ஆங்கிலக் கட்டுரையில், ஓர் அரசு சர்க்கரை இறக்குமதியை ‘சாங்ஷன்’ செய்தது என்று வினைச்சொல்லாக வருகிறது. அனுமதித்தது என்று எழுதுவதா, தடை விதித்தது என்று எழுதுவதா? நேரெதிரான இரு பொருள்கள் ஒரே சொல்லில் சேர்ந்தது எவ்வாறு என்பதையும் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

செங்காந்தள்:
இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. இலத்தீனில் ‘சாங்கிரே’ என்ற வினைக்குப் புனிதமாக்குதல், மீறக்கூடாது என விதித்தல் என்று பொருள். உரோமானியச் சட்டங்களில், மீறுவோர்க்கு உரிய தண்டனையைக் கூறும் பகுதிக்கு ‘சாங்க்தியோ’ என்றே பெயர். ஒரு விதிக்கு வலுவூட்டும் எதுவும், அது ஒப்புதலாயினும் தண்டனையாயினும், இச்சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில், இயற்கை, அரசு, ஊரார் கருத்து, சமயம் ஆகிய நான்கிலிருந்தும் வந்து மனிதரை நெறிப்படுத்தும் இன்பதுன்பங்கள் அனைத்தையும் இச்சொல்லாலேயே குறித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1935இல் எத்தியோப்பியாவின் மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக ஐக்கிய நாடுகள் அவைக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கம் எடுத்த பொருளாதார நடவடிக்கைகளும் இப்பெயராலேயே அறியப்படுகின்றன.

வைகறை:
அரசு அலுவலகக் கோப்புகளில் பல ஆண்டுகள் இச்சொல்லோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். தமிழில் இதற்கு இடத்துக்கேற்ற சொற்கள் முன்பே உள்ளன: நிதிக்கு ஒப்பளிப்பு, பணியிடத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர இசைவாணை. இவ்வளவு நுட்பமான சொற்கள் கையில் இருக்க, எல்லா இடத்திலும் ‘அனுமதி’ என்று எழுதிவிடுவது வருந்தத்தக்கது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பன்மையில் வந்தால் பெரும்பாலும் தடை நடவடிக்கைகளையே குறிக்கும். வினையாக வரும்போது செயப்படுபொருளைப் பாருங்கள். ஒரு செயலையோ செலவையோ ‘சாங்ஷன்’ செய்தால் பெரும்பாலும் ஒப்புதல். ஒரு நாட்டையோ நிறுவனத்தையோ ஆளையோ செய்தால் தண்டனை. இறக்குமதி என்பது செயல் ஆகையால் அனுமதி என்றே கொள்ளத் தோன்றுகிறது; எனினும் இதழாளர்கள் இந்த எல்லையை எப்போதும் காப்பதில்லை என்பதால், முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

பொருநை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த பத்தியைப் படித்துப் பார்த்தேன். சரக்கு துறைமுகத்தில் இறக்கப்பட்டுச் சுங்க வரி செலுத்தப்பட்டதாக உள்ளது. எனவே ‘இறக்குமதிக்கு அரசு ஒப்புதல் அளித்தது’ என்று எழுதியுள்ளேன்.