லெதர் சீட் அழுக்கெடுத்த அனுபவங்கள்: சாயம் போகாமல் எப்படிச் செய்தீர்கள்?

நிலாவெளி வீதி

பழைய ஏழு சீட் வாகனம் ஒன்றை வாங்கி ஹயர் ஓடுகிறேன். உள்ளே இளம் பழுப்பு நிற லெதர். சித்திரை பிறந்தால் உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு என்று ஓட்டம்தான். கடலில் குளித்த ஈரத்தோடும், உடம்பில் பூசிய சன் கிரீமோடும், காலில் ஒட்டிய மணலோடும் ஏறுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கடற்கரைக்கு வந்தவர்கள் அப்படித்தான் ஏறுவார்கள். ஆனால் இரண்டு சீசனில் சீட்டெல்லாம் சாம்பல் படிந்து, தலை சாயும் இடமும் கை வைக்கும் இடமும் கறுத்துப் பளபளவென்று ஆகிவிட்டன.

ஒரு சர்விஸ் நிலையத்தில் விட்டேன். என்ஜின் கழுவும் திரவத்தையே சீட்டிலும் தெளித்து, கெட்டியான பிரஷால் தேய்த்தார்கள். துணியில் பழுப்பு பழுப்பாக வந்தது. "எவ்வளவு ஊத்தை பாருங்கோ அண்ணா" என்று காட்டினார்கள், நானும் நம்பினேன். காய்ந்த பிறகுதான் தெரிந்தது, சாரதி சீட்டில் நான் ஏறி இறங்கும் வலப்பக்க ஓரம் முழுக்க வெளிறிப் போயிருந்தது. துணியில் வந்தது ஊத்தை மட்டுமில்லை, சீட்டின் சாயமும்தான்.

அன்று படித்த பாடத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். துடைக்கும்போது சீட்டைப் பார்ப்பதை விடத் துணியைப் பாருங்கள். சாம்பலும் கறுப்புமாக வந்தால் அது அழுக்கு, தொடரலாம். சீட்டின் நிறமே துணியில் வந்தால் அந்த நிமிடமே கையை எடுத்துவிடுங்கள். வெள்ளைத் துணி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

வாகனங்களில் வரும் லெதரில் பெரும்பாலானவை மேலே சாயமும் அதற்கு மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சும் கொண்டவை. அழுக்கு தோலுக்குள் போவதில்லை, அந்தப் பூச்சின் மேலேயும் அதன் சுருக்கங்களிலும்தான் உட்கார்ந்திருக்கும். காரமான சோப்பும், அமோனியா, பிளீச், தின்னர் போன்றவையும் முதலில் தின்பது அந்தப் பூச்சைத்தான். பூச்சு இல்லாத லெதரும் இருக்கிறது. மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு மேலே நின்றால் பூச்சு உண்டு. உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மீதி இடங்களை நானே செய்தேன். முதல் வேலை மணல். வேக்குவம் பிடித்து, தையல் ஓரங்களை மெல்லிய பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தேன். புல்மோட்டைப் பக்கம் ஓடி வந்தால் அந்தக் கறுப்பு இல்மனைட் மணல் தையலுக்குள் இறங்கியிருக்கும். அதை எடுக்காமல் ஈரத் துணி போட்டால் மண்தாள் கொண்டு தேய்த்த மாதிரிதான்.

பிறகு அரை லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி குழந்தை ஷாம்பு. கையால் அடித்து நுரை எழுப்பி, அந்த நுரையை மட்டும் மென்மையான பிரஷில் எடுத்தேன், தண்ணீரைத் தொடவில்லை. ஒரு சாண் அகல இடத்தில் வட்டமாக, அழுத்தாமல் ஓட்டினேன். அரை நிமிடத்தில் வெள்ளை நுரை சாம்பலாகிச் சுருக்கங்களில் கோடு கோடாக நின்றது. அது காய்வதற்குள் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, வேறு ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துவாயால் முடித்தேன். அதற்குப் பிறகுதான் அடுத்த சாண்.

கறுத்த இடம் ஒரே தடவையில் போகாது. என் சாரதி சீட்டின் தலைப்பகுதி ஐந்து தடவை எடுத்தது. மூன்றாவது தடவையில் கை தானாக அழுத்தப் பார்க்கும், விடக் கூடாது. அன்று அதோடு நிறுத்தி அடுத்த நாள் பின்னேரம் மீதியைச் செய்தேன். வேப்பமர நிழலில் நாலு கதவையும் திறந்து வைத்தே காய விட்டேன். கச்சான் காற்று வீசும் நாளில் அதுவே போதும், வெயிலில் நிறுத்த வேண்டாம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். முதல் நாள் அதைப் பாவித்துத் தையலில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்தது. அப்புறம் ஃபில்டர் தண்ணீருக்கு மாறினேன்.

மிக முக்கியமானது: சீட்டுக்குக் கீழே வயர்கள் ஓடுகின்றன. மஞ்சள் நிற இணைப்பு எயார்பேக்குடையது. அங்கே தண்ணீர் அடிக்கவும் கூடாது, சும்மா கழற்றிப் பார்க்கவும் கூடாது. சீட்டைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் பற்றரி வயரை விலக்கி, கொஞ்ச நேரம் பொறுத்து, வேலை தெரிந்தவர்தான் தொட வேண்டும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

உப்புவெளி

அண்ணா, நீங்கள் சொன்ன தண்ணீர்ப் பயம் எங்களுக்கு உண்மையாகவே நடந்தது. மூதூரில் இருந்து அறக்குளா மீன் வாங்கி, ஐஸ் பெட்டியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு வந்தோம். கிண்ணியாப் பாலம் தாண்டும்போதுதான் கவனித்தேன், பெட்டியின் மூலை கசிகிறது. எங்கள் சீட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள். மேலே துடைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், கையால் அமத்தினால் ஓட்டைகளில் இருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் முத்து முத்தாக வரும்.

இவர் கொதிதண்ணீரும் டெட்டோலும் ஊற்றக் கிளம்பினார். நான் விடவில்லை. மீன் இரத்தத்தில் சூடு பட்டால் அது உறைந்து பிடித்துவிடும், குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணிதான் சரி. உலர்ந்த துவாயை மடித்து வைத்து, அதன் மேல் முழங்காலை ஊன்றி நின்று, துவாயை மாற்றி மாற்றி உறிஞ்ச விட்டேன். எட்டுத் துவாய் போனது. மூன்று நாள் மேசை மின்விசிறி.

லெதர் அழகாக வந்துவிட்டது. நாற்றம் போகவில்லை. அது உள்ளே ஸ்பொஞ்சில் இருந்தது. கடைசியில் குஷன் வேலை செய்பவர் உறையைக் கழற்றி அந்த ஒரு சீட்டின் ஸ்பொஞ்சை மாற்றித் தந்தார். முதலே செய்திருந்தால் மூன்று கிழமை மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருக்க வேண்டாம்.

கிண்ணியா

தம்பி, என்னுடையது வேறு மாதிரி. பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசினேன். இரண்டு நாள் புது வாகனம் போல இருந்தது. நான் நெல் ஆலைகளுக்குப் போய் வருபவன். ஒரு கிழமையில் உமித் தூசியெல்லாம் அதில் ஒட்டி, விரல் வைத்தால் பிசுபிசுத்தது, வெயிலில் நின்றால் சிக்கு வாடையும் வந்தது. நீங்கள் சொன்ன அதே நுரையால் இரண்டு தடவை எடுத்த பிறகுதான் சரியானது. உள்ளே போகாத எண்ணெய் மேலே நின்று அழுக்கைத்தான் கூப்பிடும்.

இன்னொன்று. குஷன் கடைக்காரர் பார்த்துச் சொன்னார்: உட்காரும் நடுப்பகுதிதான் லெதர், ஓரமும் பின்பக்கமும் ரெக்சின். பல வாகனங்களில் இப்படித்தானாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

பாலையூற்று

பேனா மையும் புது ஜீன்ஸ் நீலமும் போகுமா? பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூடி திறந்த பேனாவோடு தூங்கிவிட்டான். அத்தோடு மாரி மழையில் வாகனம் ஓடாமல் நின்று சீட்டில் வெள்ளைப் பூஞ்சணமும் பிடித்திருக்கிறது.

நிலாவெளி வீதி

கிண்ணியா நானா, எண்ணெய் பற்றிச் சொன்னது நல்லது, பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

பாலையூற்று அக்கா, ஜீன்ஸ் நீலம் புதிது என்றால் நுரையிலேயே பெரும்பாலும் இளகும். பழையது முழுதாகப் போகாது. மைக்கு ஸ்பிரிட் போடச் சொல்வார்கள். மையோடு சாயமும் கரையும், நான் போட மாட்டேன். அந்த மெஜிக் ஸ்பொஞ்சும் வேண்டாம், அது பூச்சையே சுரண்டி எடுப்பது.

பூஞ்சணத்தை வாகனத்துக்கு உள்ளே வைத்துத் தட்ட வேண்டாம், தூள் எங்கும் பரவும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கதவுகளைத் திறந்து, மெல்லிய ஈரத் துணியால் ஒரே பக்கமாகத் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு நுரை. முழுக்கக் காய்ந்த பிறகே கதவை மூடுங்கள். கார்த்திகை, மார்கழியில் மழை விட்ட நேரம் பார்த்து நான் கண்ணாடிகளை இறக்கி அரை மணி நேரம் விடுகிறேன். ஈரக் கால்மிதிகளை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை, பூஞ்சணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் வலப்பக்க ஓரம் இன்னும் வெளிறியபடியே இருக்கிறது. திருமலையில் யாராவது லெதருக்கு நிறம் பொருத்திச் சாயம் பூசுவித்திருந்தால், ஒரு வருடம் கழித்து அது வெடித்ததா, உரிந்ததா, அப்படியே நிற்கிறதா என்று எழுதுங்கள்.