முந்திரிக்காரருக்கு ஒரு நாள் பயிற்சி போதுமா, பருவம் முழுக்க வேண்டுமா?

கெடிலக்கரை:

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒன்று, இரண்டு ஏக்கர் முந்திரி வைத்திருப்பவர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு. பத்து மணிக்கு மண்டபம், திரையில் படம், கையேடு, சாப்பாடு, நான்கு மணிக்குக் கையெழுத்து. தேயிலைக் கொசுவை (துளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சும் பூச்சி) பற்றிய வகுப்பை ஜூனில் வைத்தால் காட்டுவதற்குப் பூங்கொத்தே இருக்காது. மார்கழியில் பூங்கொத்து கருகும்போது சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. கருகியதைப் பார்த்ததும் "பனி அடிச்சிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள்.

என் வாதம் இதுதான். துளிர் விடும் கார்த்திகையில் தொடங்கி, கொட்டை பொறுக்கி முடியும் வரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை நாள், யாராவது ஒருவரின் முந்திரிக்காட்டில் இருபது இருபத்தைந்து பேர் உட்கார வேண்டும். 1989-ல் இந்தோனேசியாவில் நெற்பயிருக்கு உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கிய வயல்வெளிப் பள்ளி இப்படித்தான் நடந்தது. பயிர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதுவே அன்றைய பாடம். நம் முந்திரிக்கும் பலாவுக்கும் இது இல்லாமல் ஆகாது.

பாகூரான்:

அரை நாள்னு எழுதுறது சுலபம் சார். நீங்க சொல்ற மாசங்கள்லதான் இந்தப் பக்கம் கரும்பு வெட்டு, நெல் அறுப்பு எல்லாம். ரெண்டு ஏக்கர் முந்திரி வெச்சிருக்கிறவர் அதை மட்டும் நம்பி இல்ல, கூலிக்கும் போவார். பதினஞ்சு நாளுக்கு ஒண்ணுன்னா பருவத்துக்குப் பத்து வகுப்பு வரும், பத்து நாள் கூலி போச்சு. காலையில அரை நாள் விட்டா மதியத்துக்கு மேல யாரும் வேலைக்குச் சேர்த்துக்க மாட்டாங்க.

நாட்டோட முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல புதுச்சேரியிலதான் வந்துச்சு. அதுக்கப்புறம் 1998-ல சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமா வெச்சு ஊர் அறிவு மையங்கள் தொடங்குச்சு. வீராம்பட்டினம்ங்கிற மீனவ ஊர்ல கடல் அலை எவ்வளவு உயரம் வரும்னு ஒலிபெருக்கியில சொன்னாங்க. மீனவருக்குக் கடலைப் பத்திப் பத்து வகுப்பு யாரும் எடுக்கல. இன்னைக்கு என்ன தேவையோ அது இன்னைக்குக் காதுல விழுந்துச்சு. முந்திரிக்கும் அதே போதும். கொசு தென்பட்ட வாரம் ரெண்டு நிமிஷக் குரல் பதிவு, ஒரு படம்.

கெடிலக்கரை:

அலை உயரம் ஓர் எண். அதைக் கேட்டால் போதும், கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அறிவு மீனவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதை மரத்தைப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

கொசு குத்திய இளந்தண்டில் நீளவாக்கில் கருந்தழும்பு தெரியும், அந்த இடத்தில் பிசின் கசியும். பிறகுதான் பூங்கொத்து மொத்தமாகக் காய்கிறது. ஒரு மரத்தின் நான்கு பக்கமும் துளிரை எண்ணி, எத்தனையில் தழும்பு என்று குறித்து, அடுத்த முறை அதே மரத்தில் திரும்ப எண்ணினால்தான் பூச்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். மரத்தில் செவ்வெறும்புக் கூடு இருந்தால் கொசு அடங்கிக் கிடக்கும். அங்கே மருந்தடித்தால் எறும்பு சாகும், காவலும் போகும். இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் எப்படிச் சொல்வீர்கள்?

அளவையும் பாருங்கள். லாம்டா சைஹலோத்ரின் 5 இசி என்ற பூச்சிமருந்து, லிட்டர் தண்ணீருக்கு 0.6 மி.லி. என்பது பரிந்துரை. குரல் பதிவில் "டேங்குக்கு 6 மில்லி" என்று போனால் 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்குச் சரி. பேட்டரித் தெளிப்பான் 16 லிட்டர் பிடிக்கும், அதற்கு 9.6 மி.லி. வேண்டும். அதைப் பாட்டில் மூடியால் அளக்கிறார்கள், மூடியின் அளவோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குறைந்தால் பூச்சி சாகாது. கூடினால் தேனீ சாகும், காய்ப்பிடிப்பு போகும். துளிர், பூ, பிஞ்சு என்ற மூன்று கட்டத்திலும் ஒரே மருந்தை அடித்தால் பூச்சிக்கு அது பழகிவிடும். அளவுக் குவளையைக் கையில் கொடுத்து, அவரவர் தெளிப்பானிலேயே தண்ணீர் ஊற்றிப் பழக்க வேண்டிய விஷயம் இது.

நாற்றங்கால்:

இரண்டு பேரும் கொசுவிலேயே நிற்கிறீர்கள். பயிற்சி என்றாலே இளந்தண்டு ஒட்டுக் கட்ட, அதாவது விதைக்கன்றின் தண்டில் நல்ல மரத்தின் குச்சியைச் செருகிக் கட்ட, கற்றுத் தருகிறார்களே, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் கணக்கில் சிறு விவசாயிக்கு அது வீண். 7 மீட்டருக்கு 7 மீட்டர் வைத்தால் ஏக்கருக்கு 80 கன்று சொச்சம்தான். நெருக்க நடவு 5-க்கு 4 என்றாலும் 200. அதை அவர் வாழ்நாளில் ஒருமுறை வைப்பார். அதற்காகக் கத்தி பிடிக்கப் பழக வேண்டுமா?

ஒட்டு என்பது கைப்பழக்கம். 40 முதல் 60 நாள் வயதுள்ள வேர்ச்செடியை (விதையிலிருந்து வளர்த்த கன்று) மண்ணிலிருந்து சுமார் 15 செ.மீ. உயரத்தில் வெட்டி, அடியில் இரண்டு ஜோடி இலையை விட்டு, நடுத்தண்டை 6 செ.மீ. பிளக்க வேண்டும். நல்ல மரத்திலிருந்து எடுக்கும் ஒட்டுக்குச்சி பென்சில் பருமன், 10-12 செ.மீ. நீளம், நுனி மொட்டு புடைத்து ஆனால் விரியாமல் இருக்க வேண்டும். குச்சி எடுப்பதற்கு 7 முதல் 10 நாள் முன்பே மரத்தில் வைத்தபடியே இலைப் பரப்பைக் கத்தரித்துக் காம்பை மட்டும் விட்டுவிட வேண்டும். இதைச் செய்யாமல் அன்றே வெட்டிக் கட்டுவதுதான் பயிற்சிகளில் கட்டிய ஒட்டு பாதிக்கு மேல் காய்வதற்குக் காரணம். குச்சியை ஆப்பு போலச் சீவி, பட்டையோடு பட்டை ஒரு பக்கமாவது பொருந்தும்படி செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கி, ஈரப்படுத்திய உறை மாட்டி, 10-15 நாள் நிழலில் வைக்க வேண்டும். ஊருக்கு இரண்டு பேர் இதில் தேர்ந்தால் போதும்.

மீதிப் பேருக்கு வாங்கத் தெரிய வேண்டும். ஒட்டுக் கட்டிய தழும்பு தண்டில் தெளிவாகத் தெரிகிறதா, பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வராமல் இருக்கிறதா, கட்டிய பின் 5-6 மாதமாவது ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விதைக்கன்றை ஒட்டு என்று விற்பதும் நடக்கிறது. இடையன்சாவடி மரத்தின் வழிவந்த விருத்தாசலம் 3 என்று ரகத்தின் பெயர் சொன்னால் மட்டும் போதாது, தாய்மரம் எங்கே என்று கேட்க வேண்டும்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேல் 5 செ.மீ. நிற்கட்டும். நாடாவை அறுத்துவிட வேண்டும். விட்டால் தண்டு பருக்கப் பருக்க அதுவே கழுத்தை நெரிக்கும், பலத்த காற்றில் அங்கேயே ஒடியும். ஒட்டுக்குக் கீழே வரும் கிளையை வாரா வாரம் கிள்ள வேண்டும். கிள்ளாவிட்டால் அது மேலே போய் ஒட்டுக்குச்சியை அடக்கிவிடும். கன்று தளதளவென்று வளர்வதாக நினைப்பார், மூன்றாம் வருடம்தான் தெரியும், வளர்ந்தது வெறும் விதைச்செடி.

பாகூரான்:

நாற்றங்கால் அண்ணே, நீங்க சொன்னதெல்லாம் என் பக்கம்தான் வருது. கன்னு பார்த்து வாங்கறது ஒரே நாள் பாடம். நல்ல ஒட்டையும் போலியையும் பக்கத்துல வெச்சுக் காட்டினா முடிஞ்சுது. நாடா அறுக்கறது, கீழ்க்கிளை கிள்ளறதுக்கு வாரம் ஒரு குரல் பதிவு நினைவூட்டல் தாராளம்.

மண்டிக்கணக்கு:

விளைவிக்கறதைப் பத்தி இவ்வளவு பேசறீங்க, விக்கறதுக்கு எந்தப் பயிற்சியும் இல்லையே. மூட்டை 80 கிலோ. வியாபாரி கையை விட்டு ரெண்டு கொட்டையை எடுத்துப் பார்த்துட்டு ஒரு விலை சொல்வார். எதை வெச்சுச் சொல்றார்னு விவசாயிக்குத் தெரியாது.

ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி மூணு இடத்துல எடுத்துக் கலந்து, அதுல ஒரு கிலோ எடுங்க. ஒரு கிலோவுல எத்தனை கொட்டைன்னு எண்ணிக்கணும். எல்லாத்தையும் ரெண்டா வெட்டி, நல்ல பருப்பு, அரைகுறையா விளைஞ்சது, பூச்சி அரிச்சதும் காலியும்னு மூணாப் பிரிங்க. நல்ல பருப்போட எடையை முழுசாவும், அரைகுறையைப் பாதியாவும் எடுத்துக்கணும், மூணாவது குவியல் கணக்குல வராது. மொத்தம் 272 கிராம் வந்தா 80 கிலோவுக்கு 21.76 கிலோ பருப்பு, 453.6 கிராம் ஒரு பவுண்டுன்னு வகுத்தா 48 பவுண்டு. ஏற்றுமதிக்காரங்க பேசறது இந்தக் கணக்குதான். 245 கிராம்னா 43 பவுண்டு. மூட்டைக்கு ரெண்டு கிலோவுக்கு மேல பருப்பு வித்தியாசம். ரெண்டுக்கும் ஒரே விலை வாங்கிட்டுப் போறவங்கதான் அதிகம். தேவையானது ஒரு வெட்டுக் கருவி, ஒரு கிராம் தராசு. இதை முதல் வகுப்பா வையுங்க, கூட்டம் தானா வரும்.

காடாம்புலியூர்:

மண்டிக்கணக்கு சொல்வது சரி. ஆனால் அந்த வகுப்புக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரை. கொட்டையைப் பொறுக்குவது, பழத்திலிருந்து திருகி எடுப்பது, காயவைப்பது, உடைப்பது எல்லாம் பெண்கள். வெட்டிப் பார்த்ததில் அரைகுறை ஏன் கூடியது? தானாக விழுந்ததை மட்டும் பொறுக்காமல், மரத்தை உலுக்கிப் பழுக்காததையும் சேர்த்ததால். பருப்பு ஏன் கறுத்தது? இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயாமல் மூட்டையில் கட்டியதால். இரண்டும் நடப்பது பெண்கள் கையில், சான்றிதழ் வாங்குவது வேறு ஒருவர்.

வகுப்பை மண்டபத்தில் வைக்காமல் களத்துமேட்டில் மதியம் மூன்று மணிக்கு வைத்தால் அவர்கள் வருவார்கள். குரல் பதிவு யோசனைக்கும் இதே கேள்விதான், பாகூரான். வீட்டில் ஒரே கைபேசி, அது பகலெல்லாம் ஆண் சட்டைப்பையில்.

பாகூரான்:

கைபேசி விஷயத்தை ஒத்துக்கறேன், அது நியாயம். அப்ப ஒலிபெருக்கிக்கே போகலாம், வீராம்பட்டினத்துல செஞ்ச மாதிரி. ஆனா பத்து அமர்வுக்கு இன்னும் ஒத்துக்க மாட்டேன். நாலு வையுங்க, நாலுக்கும் அன்னைக்குக் கூலியைப் படியாக் கொடுங்க. கன்னு பார்த்து வாங்கறது ஒண்ணு, துளிர்ல கொசு எண்ணறதும் மருந்து அளக்கறதும் ஒண்ணு, கொட்டை காயவைக்கறது ஒண்ணு, வெட்டிப் பார்த்து விலை பேசறது ஒண்ணு.

கெடிலக்கரை:

கூலியைப் படியாகக் கொடுப்பதில் மறுப்பே இல்லை. அதில்லாமல் வயல்வெளிப் பள்ளி பேசுவது ஏழைக்குச் செய்யும் அநியாயம். ஆனால் உங்கள் நான்கில் இரண்டு பெரிய ஓட்டை.

ஒன்று கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிவிடுவது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்துப் பழைய மரங்கள் போன பிறகு, ஒட்டுக்கன்றை நெருக்கி வைத்த தோப்புகள் இங்கே உண்டு. முந்திரி வெயில் படும் வெளிக்கிளையில்தான் காய்க்கும். ஜூலை, ஆகஸ்டில் கவாத்து செய்யாமல் விட்டால் சில வருடங்களில் கிளைகள் பின்னிக்கொண்டு, உச்சியில் மட்டும் பூக்கும். அந்த உயரத்துக்கு மருந்தும் எட்டாது. எந்தக் கிளையை எடுப்பது, எதை விடுவது என்பதை மரத்தடியில் நின்றுதான் காட்ட முடியும். வெட்டுவாயில் அன்றே போர்டோ பசை தடவ வேண்டும்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், தனித்தனியாகக் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது.

இன்னொன்று தண்டு, வேர் துளைப்பான், மரத்துக்குள் புகுந்து அரிக்கும் வண்டின் புழு. அடிமரத்தில் சின்ன ஓட்டை, பிசின், மரத்தூள். இதைப் பார்த்தவுடன் உளியால் பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்தால் மரம் பிழைக்கும். இலை மஞ்சளாகும் வரை காத்திருந்து, அடிப்பட்டையின் சுற்றளவில் பாதிக்கு மேல் அரித்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த மரத்தை வேரோடு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். விறகாகட்டும் என்று தோப்பிலேயே போட்டு வைத்தால் அங்கிருந்துதான் அடுத்த மரத்துக்குப் போகும். உளி பிடிக்கும் ஆழத்தைக் குரல் பதிவில் சொல்ல முடியாது.

ஆறுக்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

பாகூரான்:

ஆறுன்னா ஆறுக்கும் படி. துளைப்பானைக் கவாத்து அன்னைக்கே சேர்த்துக் காட்டலாமே, ரெண்டும் அதே மரத்தடியிலதான? அப்ப அஞ்சு.

நாற்றங்கால்:

சேர்க்காதீர்கள். கவாத்து முடித்த மரத்தில் புது வெட்டு வாசனைக்குத் துளைப்பான் வருகிறதா என்று பார்க்கவே ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை போயாக வேண்டும்.