ரிட்டெய்னர் பல்லில் உட்காராத அந்த நிமிஷம்

பல்லாங்குழி:
எங்க கிளினிக்ல மறக்க முடியாத கேஸ் ஒண்ணு சொல்றேன். பல் கிளிப் கழற்றி நாலு மாசமான 31 வயசுப் பொண்ணு. தி.நகர்ல ஒரு ஹோட்டல்ல சாப்பிடும்போது ரிட்டெய்னரை (நேரான பல் திரும்ப நகராம இருக்க மாட்டுற பிளாஸ்டிக் உறை) டிஷ்யூ பேப்பர்ல சுத்தி இலை ஓரமா வெச்சிருக்காங்க. இலையோட போயிடுச்சு. அப்புறம் பாத்துக்கலாம்னு ஆறு வாரம் ஓடிடுச்சு. பீரோவுல ரெண்டாவது செட் இருக்கிறது ஞாபகம் வந்து கொண்டுவந்து, கிளினிக் சேர்ல உட்கார்ந்து மாட்டுறாங்க. கடைவாய்ப் பக்கம் இறங்கிடுச்சு. முன்பல் பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் தூக்கிட்டு நிக்குது. கட்டைவிரலால அழுத்திக்கிட்டே இருந்தாங்க, வாயே திறக்கலை.

பல்லைச் சுத்தியிருக்கிற எலும்பு மூணு நாலு மாசத்துல ஓரளவு செட் ஆகிடும். ஈறு நார்கள் அப்படி இல்லை. முறுக்கியிருந்த பல்லை நேராக்கினா, அந்த நார்கள் இழுத்து வெச்ச ரப்பர் மாதிரி பழைய இடத்துக்கே இழுக்கும், அது அடங்க ஒரு வருஷம் வரைக்கும் ஆகும். அவங்களுக்குப் பழையபடி திரும்பிக்கிட்டது, முன்னாடி முறுக்கியிருந்த அதே பல்தான்.

மாடவீதி:
இதுக்குத்தான் கிளிப் கழற்றுற அன்னைக்கே பல்லோட உள்பக்கமா வயர் ஒட்டிடணும். கோரைப்பல்லுல இருந்து கோரைப்பல் வரைக்கும், கீழ்வரிசைக்குக் கட்டாயம்.

பல்லாங்குழி:
ஒட்டினா முடிஞ்சதுன்னு சொல்லாதீங்க சார். ஆறு பல்லுல ஒரு பல்லோட பசை மட்டும் விட்டுப் போனா வலிக்காது, வயரும் ஆடாது, அந்த ஒரு பல் மட்டும் சத்தமில்லாம நகரும். தினமும் நாக்கால ஒவ்வொரு புள்ளியா தடவிப் பாக்கணும். வயருக்கு அடியில நூல் விட்டுச் சுத்தம் பண்ணலைன்னா ஆறே மாசத்துல காறை கட்டும்.

போரூர் ஏரி:
எனக்கு மறக்காதது 9 வயசுப் பையன் கேஸ். மேல் அண்ணம் குறுகல், ஒரு பக்கம் கடைவாய்ப்பல் உள்வாங்கிக் கடிக்குது. அண்ணத்துல எக்ஸ்பாண்டர் (அண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விரிக்கிற திருகு வெச்ச கருவி) வெச்சு, காலையில ஒரு திருப்பு, ராத்திரி ஒரு திருப்புன்னு அம்மா கையில சாவி கொடுத்தாச்சு. ஒரு திருப்புன்னா கால் மில்லிமீட்டர். எட்டாவது நாள் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல பென்சில் நுழையிற மாதிரி சந்து. அந்தம்மா பயந்துபோய் சாவியைப் பின்பக்கமா நாலு தடவை திருப்பிட்டாங்க.

அந்தச் சந்துதான் எலும்பு விரியுதுங்கிறதுக்கு அடையாளம். ஈறு நாரே சில மாசத்துல ரெண்டு பல்லையும் சேர்த்து இழுத்துக்கும். இதை முதல் நாளே படம் காட்டிச் சொல்லியிருந்தா அந்தம்மா அப்படி நடுங்கியிருக்க மாட்டாங்க. விரிச்சு முடிச்சப்புறமும் எக்ஸ்பாண்டரை மூணுல இருந்து ஆறு மாசம் அப்படியே விட்டுவைக்கணும், நடுவுல புது எலும்பு நிரம்பணும்.

பால் பல் எல்லாம் விழட்டும்னு காத்திருக்கிற வீடுகள்தான் அதிகம். தப்பு. ஏழு வயசுல ஒரு தடவை காட்டுங்க. பத்து வயசுல மேல் கோரைப்பல் ஈறுக்கு மேல கைக்குத் தட்டுப்படுதான்னு பாக்கணும், இல்லைன்னா எக்ஸ்ரே எடுக்கணும். அண்ணத்துல படுத்துக்கிட்ட கோரைப்பல்லை அப்புறமா ஆபரேஷன் பண்ணி, செயின் ஒட்டி இழுக்கணும், அதுக்கே ஒரு வருஷத்துக்கு மேல போகலாம்.

வடபழனி வாசி:
ஏழு வயசுன்னதும் எல்லாப் பிள்ளைக்கும் கிளிப்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். காட்டுறது வேற, போடுறது வேற. பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அந்த வயசுல பாத்துட்டு அனுப்பிடலாம்.

பெரியவங்க பக்கம் வர்றேன். 44 வயசு, கீழ் முன்பல் நெருக்கடி. வரிசை அழகா வந்துடுச்சு. கண்ணாடியைக் கையில வாங்கினவங்க கேட்டது, "இந்தக் கறுப்பு என்ன?" பல்லுக்குப் பல் ஈறு ஓரத்துல சின்னச் சின்ன முக்கோணச் சந்து. ஈறு முன்னாடியே இறங்கியிருந்தது, பல்லுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அதை மறைச்சுக்கிட்டு இருந்தது. பக்கவாட்டுல எனாமலைப் பல் ஒண்ணுக்குக் கால் மில்லிமீட்டர் போலத் தேய்ச்சு நெருக்கினா குறையும், முழுசா மறையாது. கிளிப் போடுறதுக்கு முன்னாடியே இது வரும்னு சொல்லியாகணும்.

இன்னொண்ணு, இதை யாரும் கேட்கலை, ஆனாலும் எழுதுறேன். ஈறுல ரத்தம் வருதுன்னா கிளிப்பைத் தள்ளிவெச்சுட்டு முதல்ல சுத்தம் பண்ணுங்க. ஈறுப் பை, அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற பள்ளம், மூணு மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் சரி. அஞ்சு, ஆறு இருந்து ரத்தமும் கசிஞ்சா ஆழமா சுத்தம் பண்ணி, மூணு மாசம் கழிச்சு மறுபடி அளந்து, அடங்கின பிறகுதான் இழுக்கணும், அதுவும் லேசா. வீங்கின ஈறோட இழுத்தா பல் நகரும், எலும்பு கரையும். சர்க்கரை இருந்தா அளவைக் கட்டுக்குள்ள கொண்டுவாங்க. எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தா அதை மறைக்காதீங்க. பீங்கான் கேப் போட்ட பல்லுல பிராக்கெட் (கிளிப்போட வயரைப் பிடிக்க ஒவ்வொரு பல்லுலயும் ஒட்டுற சின்னத் துண்டு) சாதாரணமா ஒட்டினா நிக்காது, பீங்கானைத் தனியாப் பதப்படுத்தி ஒட்டணும். ஒட்டும்போது எச்சில் பட்டாலும் பிராக்கெட் நாலு நாள்ல கழண்டுடும். பீச்ல மாங்காய்ப் பத்தையை முன்பல்லால கடிச்சாலும் அதே கதைதான், சின்னத் துண்டா நறுக்கி கடைவாயில போட்டுக்குங்க. வயர் கன்னத்தைக் குத்தினா பல் டாக்டர் கொடுக்கிற மெழுகு வைங்க. நகவெட்டியால வெட்டாதீங்க, துண்டு தொண்டைக்குள்ள போகும். அலைனர் (பல்லை நகர்த்த செட் செட்டா மாத்துற, கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் உறை) போட்டவங்களுக்கு ஒரு நாளைக்கு 22 மணி நேரம்னா 22 மணி நேரம். ஒவ்வொரு காபிக்கும் அரை மணி கழட்டி வெச்சா பல் பின்தங்கும், அடுத்த செட் உட்காராது.

செலவுக்குப் பயப்படுறவங்க சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரியில ஆர்த்தோ (பல் சீரமைப்பு) துறையைக் கேட்டுப் பாருங்க.

கடலோரம்:
முதல் பதிவுக்கு வர்றேன். அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்ன பண்ணாங்க?

பல்லாங்குழி:
அழுத்த வேண்டாம்னு கையைப் பிடிச்சு எடுத்தோம். இறுக்கமா இருந்தாலும் முழுசா உட்கார்ந்திருந்தா ராத்திரி பகலா ஒரு வாரம் போடச் சொல்லியிருக்கலாம். சந்து தெரியுதுன்னா அதை மாட்டக் கூடாது, விரிசல் விடும். புதுசா அளவு எடுத்து, அந்த ஒரு பல்லைத் திருப்ப ஆறு அலைனர். அது முடிஞ்சதும் புது ரிட்டெய்னர் ரெண்டு செட், கூடவே ஒரு கெட்டி டப்பா. டப்பாவை வெயில்ல நிக்கிற கார்ல விடக் கூடாது, ரிட்டெய்னரை வெந்நீர்ல கழுவக் கூடாது, ரெண்டுலயும் பிளாஸ்டிக் வளைஞ்சுடும்.