நகம் கையில் வந்தால் மூட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

டைனோசர் நகம் என்று யாராவது எதையாவது நீட்டினால் எல்லோருடைய கண்ணும் கூர்நுனிக்குத்தான் போகிறது. இந்தப் பொருட்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நானே கண்டெடுத்தது கொஞ்சம், நண்பர்கள் கொண்டுவந்து காட்டியது நிறைய, படமாக மட்டும் வந்தது அதைவிட நிறைய. நுனியை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை, விரலோடு சேர்ந்திருந்த பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். போலி செய்பவர் தன் உழைப்பையெல்லாம் நுனியில்தான் கொட்டுவார், வாங்குபவர் அங்கேதான் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். மூட்டைச் செதுக்க வேண்டுமென்றால் அந்த எலும்பு உயிரோடு இருந்தபோது எப்படி அசைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும், பெரும்பாலும் அது தெரிவதில்லை.

விரலெலும்பு எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். நம் ஒரு கையில் 14 விரலெலும்புகள், கட்டைவிரலில் இரண்டு, மற்ற விரல்களில் மும்மூன்று. பல விலங்குகளில், குறிப்பாகத் தெரோபாட் என்ற, இரண்டு காலில் நடந்த, பெரும்பாலும் ஊன் தின்ற டைனோசர்களில், நடு விரலெலும்பின் ஒரு முனை குழிந்திருக்கும், மறுமுனை நடுவில் பள்ளம் விழுந்த இரட்டை உருளையாக இருக்கும். அடுத்த எலும்பு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து கதவுக் கீல் மாதிரி மேலும் கீழுமாக மட்டும் அசையும். உருளையின் இரு பக்கமும் பிணைநார் பற்றியிருந்த சின்னக் குழிகள் தெரியும். நகம் தாங்கிய கடைசி எலும்பைத் திருப்பினால் அதே கீலின் மறுபாதி இருக்கும், அதாவது நடுவில் செங்குத்தாக ஒரு மேடு, இருபுறமும் இரண்டு குழிகள். அதற்குக் கீழே ஒரு முண்டு, விரலை மடக்கும் தசைநாண் ஒட்டியிருந்த இடம். இரண்டு பக்கவாட்டிலும் நுனி வரை ஓடும் ஒரு பள்ளக்கோடு. மேலே போர்த்தியிருந்த கெரட்டின் உறை, அதாவது நம் நகமும் முடியும் ஆன அதே பொருள், அநேகமாக எப்போதுமே மட்கிப் போயிருக்கும், நமக்குக் கிடைப்பது உள்ளே இருந்த எலும்பு மட்டும்தான். உயிரோடு இருந்தபோது நகம் அதைவிட நீளமாகவே இருந்திருக்கும்.

இதை வைத்துக்கொண்டு பார்த்தால் வருவதில் பாதி அங்கேயே கழிந்துவிடும். ஆற்றங்கரையில் எடுத்தேன், ராப்டர் என்ற சின்ன வேட்டை டைனோசரின் நகம்தானே என்று ஒருவர் ஆசையோடு கேட்டார். சின்னது, கூர்மையானது, பழுப்பேறி இருந்தது. திருப்பினேன், மூட்டு உண்மையான மூட்டுதான், எலும்பும் உண்மையான எலும்புதான். ஆனால் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது, மறுபக்கம் புடைத்திருந்தது, அடிப்பகுதி தரையில் வைத்தால் அப்படியே படிந்தது, பக்கப் பள்ளக்கோடு இல்லை. அது மானின் குளம்புக்குள் இருக்கும் எலும்பு. மான், மாடு, ஆடு எல்லாம் இரண்டு விரல்களைச் சேர்த்து ஊன்றி நடப்பவை, ஒவ்வொரு விரலும் ஜோடியில் பாதி என்பதால் அவற்றின் விரலெலும்புகள் ஒருபக்கமாகச் சாய்ந்தே இருக்கும். நான் பார்த்த 'சின்ன டைனோசர் நகங்களில்' மிகுதியாக வந்தது இதுதான். கேட்டவருக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் குளம்பெலும்பை இனி எங்கே பார்த்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும், அது சின்ன விஷயமில்லை.

இதன் மறுபக்கம் கொஞ்சம் கனமானது. மனித விரல் போலவே இருக்கிறதே என்று பதற்றத்தோடு சிலர் படம் அனுப்புவார்கள். கரடிப் பாதத்தின் எலும்புகள் மனிதக் கையோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கும், அதிலும் தோலுரிக்கும்போது நகமுள்ள நுனியெலும்புகள் தோலோடு போய்விட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு அடையாளங்களைப் பார்ப்பேன். மனித விரலின் கடைசி எலும்பு கூர்மையாக முடியாது, நுனியில் அகன்று சொரசொரப்பாக இருக்கும். கரடிக்கு உட்பக்கத்து முதல் விரல்தான் எல்லாவற்றிலும் சின்னது, பருத்த கட்டைவிரல் அதற்குக் கிடையாது. ஆனால் இதெல்லாம் படத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சு. மனித எலும்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அதைத் தொடாமல், தோண்டாமல், எடுத்த இடத்தை விட்டு நகர்த்தாமல் காவல்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். இதில் ஆர்வத்துக்கு இடமே இல்லை.

அப்புறம் கற்கள். பெலம்னைட் என்ற, கணவாய்க்கு உறவான பழைய கடல் உயிரின் உள்ளோட்டுப் பகுதி சுட்டுவிரல் அளவில் ஒரு முனை கூராக அப்படியே நகம் போல இருக்கும், ஆனால் வளைவு இருக்காது. உடைந்த குறுக்குமுகத்தைப் பார்த்தால் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் கால்சைட் என்ற சுண்ணக் கனிமத்தின் இழைகள் ஓடும். கொம்புப் பவளம் வளைந்து கூராக இருப்பதால் இன்னும் ஏமாற்றும், அதன் அகன்ற முனையில் சக்கரத்தின் ஆரங்கள் போலத் தகடுகள் தெரியும். கிரிஃபியா என்ற சிப்பியின் வளைந்த ஓட்டையும் நகம் என்று எடுத்து வந்திருக்கிறார்கள், அதில் வளர்ச்சி வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். 'கல்லாகிப் போன விரல்' என்று வருவது பெரும்பாலும் நண்டு வகைகள் தோண்டிய வளைக்குள் மணல் இறுகியது, அல்லது விரல் வடிவில் திரண்ட சிக்கிமுக்கிக் கல். சதையோடு, ரேகையோடு, நகக்கண்ணோடு முழு விரல் கல்லாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். எலும்பு என்றால் உடைந்த இடத்தில் வெளியே இறுகிய ஓடும் உள்ளே பஞ்சு போன்ற வலையும் தெரிய வேண்டும். நாக்கில் ஒட்டினால் எலும்பு என்று சிலர் சொல்வார்கள், நான் அதைச் செய்வதில்லை. நுண்துளையுள்ள களிமண்ணும் ஒட்டும், பசை பூசிய நல்ல எலும்பு ஒட்டாமலும் போகும்.

சரி, விலைக்கு வருவதைப் பற்றிப் பேசுவோம், இதில்தான் மனம் நொந்தவர்கள் அதிகம். மொராக்கோவின் தென்கிழக்கே அல்ஜீரிய எல்லையை ஒட்டிய கெம் கெம் படிவுகளிலிருந்து சுமார் 10 கோடி ஆண்டு பழைய எலும்புகள் ஏராளமாகச் சந்தைக்கு வருகின்றன. ஆற்று மணலில் புதைந்து உடைந்து சிதறியவை என்பதால் முழு நகம் அரிது, துண்டுகள் மலிவு. துண்டுகளைச் சேர்த்து முழுசாக்கினால் விலை ஏறும், அவ்வளவுதான் கணக்கு. நண்பர் ஒருவர் ஸ்பைனோசாரஸ் என்ற பெரிய தெரோபாட்டின் நகம் என்று வாங்கியதை என்னிடம் கொண்டுவந்தார், பார்க்க அழகாக இருந்தது, வளைவு அற்புதம். மூட்டுப் பக்கத்தைத் திருப்பினால் செம்மணல் அப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் துடைத்துப் பளபளவென்று இருக்க, மூட்டில் மட்டும் ஏன் பாறை மிச்சம்? அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தோம். மணல் ஒரே அளவில், ஒரே நிறத்தில், பசைக்குள் மிதப்பது போல இருந்தது. பக்கப் பள்ளக்கோடு பாதி வழியில் திடீரென நின்று, கொஞ்சம் தள்ளி வேறு ஆழத்தில் மறுபடி தொடங்கியது. எலும்பின் இயற்கையான விரிசல்களும் அதே இடத்தில் வெட்டினாற்போல நின்றன. இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தபோது நடுப்பகுதி மங்கலாகவும் நுனியும் மூட்டும் பளிச்சென்று வேறு நிறமாகவும் தெரிந்தன. மறைவான இடத்தில் அசிட்டோன் தோய்த்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் தேய்த்ததும் செம்மணல் கரைந்து வந்துவிட்டது, அடியில் மூட்டே இல்லை, ஏதோ ஒரு எலும்பின் நீளத் துண்டு நகமாக இழைக்கப்பட்டிருந்தது. நண்பர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. விற்றவர் முதலில் மறுத்தார், லென்ஸ் வழியாக எடுத்த படங்களையெல்லாம் அனுப்பிய பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதனால்தான் சொல்கிறேன், சோதிக்கும் முன்பும் பின்பும் படம் எடுங்கள்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. அருங்காட்சியகங்களில்கூட நொறுங்கும் எலும்புக்கு அசிட்டோனில் கரையும் பசையைத்தான் ஏற்றுகிறார்கள், ஆகவே பசை இருப்பதாலேயே போலி ஆகிவிடாது. அந்தப் பசைதான் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் உங்கள் பஞ்சுக்குச்சி நல்ல பொருளைப் பாழாக்கிவிடும். எதிர்ப்பக்கமாக, எபாக்சி என்ற, இரண்டு பொருளைக் கலந்து இறுக வைக்கும் பசை, இறுகிய பின் அசிட்டோனில் கரையாது, பஞ்சில் எதுவும் வரவில்லை என்பது நற்சான்று இல்லை. புற ஊதா ஒளியில் சில கனிமங்களும் ஒளிரும், ஒளிர்கிறதா என்று பார்க்காமல், ஒரே பொருளில் ஒட்டுப் போட்டதுபோல வேறு வேறு நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். அமிலம் விட்டு நுரை வருகிறதா என்று பார்ப்பதை நான் சொல்லவே மாட்டேன், உண்மையான புதைபடிவத்திலும் கால்சைட் ஏறியிருக்கும், கடைசியில் அரித்துப்போவது உங்கள் எலும்புதான்.

முழுக்க ரெசின் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த நகல்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கையில் எடுத்தால் இலேசு, கல்லின் குளிர்ச்சி இருக்காது. ஓரத்தில் அச்சின் கோடு ஓடும், லென்ஸில் பார்த்தால் வட்ட வட்டமாகக் காற்றுக் குமிழித் துளைகள். எலும்பின் துளைகள் அப்படி வட்டமாக இராது, நீளவாக்கில் ஒழுங்கில்லாமல் போகும். காய்ச்சிய ஊசியை மறைவிடத்தில் தொட்டால் ரெசின் இளகிப் பிளாஸ்டிக் நாற்றம் வரும், புதிய எலும்போ கொம்போ என்றால் முடி கருகும் வாடை, கனிமமாகிப்போன எலும்பில் ஒன்றும் வராது. தழும்பு விழும், அதனால் உங்களுக்குச் சொந்தமான பொருளில் மட்டும், வேறு வழி இல்லாதபோது மட்டும்.

ஒட்டியது எல்லாம் மோசடி இல்லை என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உடைந்த நகத்தின் சொந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவது நேர்மையான வேலை. இல்லாத நுனியை நிரப்பி, நிரப்பினேன் என்று சொல்லி விற்றால் அதுவும் சரிதான். இரண்டு மூன்று விலங்குகளின் துண்டுகளை ஒரே நகமாக்கி வாய் திறக்காமல் விற்பதுதான் மோசடி. 1999-ல் பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட உயிர் என்று உலகமே கொண்டாடிய ஆர்க்கியோராப்டர், வெவ்வேறு விலங்குகளின் பாகங்களைச் சேர்த்தது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒட்டுகள் சிடி ஸ்கேனில் வெளிப்பட்டன, வாலின் மறுபாதி சீனாவில் வேறொரு பாறைத் தகட்டில் கிடைத்தது. தேர்ந்த கண்களையே அந்த ஒட்டு கடந்து போயிருக்கிறது என்பதால் வாங்கி ஏமாந்த யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

உண்மையான நகமாகவே இருந்தாலும் சீட்டில் எழுதியிருக்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டில் தட்டையாகி, நன்றாக வளைந்து, அடி முண்டு பெரிதாக இருந்தால் தெரோபாட்டின் கைநகமாக இருக்க வாய்ப்பு அதிகம். வளைவு குறைந்து அடி அகன்று முண்டு சிறுத்திருந்தால் கால்நகம். அதைத் தாண்டி ஒற்றை நகத்தை வைத்து இனப்பெயர் சொல்வது பெரும்பாலும் ஊகம். 1797-ல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் ஒரு குகையில் கிடைத்த பெரிய நகங்களைச் சிங்கம் போன்ற ஒரு கொடிய விலங்குடையவை என்று கருதினார், அவை தரைவாழ் ஸ்லாத் என்ற, செடி தின்னும் அழிந்துபோன பெரிய பாலூட்டிக்குச் சொந்தமானவை. மங்கோலியாவில் 1948-ல் கிடைத்த, தெரிசினோசாரஸ் என்ற டைனோசரின் மாபெரும் நகங்களை 1954-ல் விவரித்தவர் ஆமை போன்ற ஊர்வன என்று நினைத்தார். இகுவானோடான் என்ற டைனோசரின் கட்டைவிரல் முள்ளை மூக்கில் கொம்பாக வைத்து வரைந்தார்கள், 1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசாரில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கைக்குப் போனது. அப்படியிருக்க, சந்தையில் வரும் ஒற்றை நகத்துக்கு முழுப் பெயரும் தயங்காமல் எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை கூடுவதில்லை, குறைகிறது.

நுனி இல்லாத நகத்தை வாங்கத் தயங்குபவர்களுக்கு நான் சொல்லும் கதை பேரியோனிக்ஸ் என்ற டைனோசரின் கதை. 1983 ஜனவரியில் இங்கிலாந்தின் சரே பகுதியில் ஒரு களிமண் குழியில் வில்லியம் வாக்கர் என்ற ஆர்வலர் ஒரு பெரிய நகத்தைக் கண்டெடுத்தார். வீட்டில் துண்டுகளைச் சேர்த்தபோது நுனி இல்லை என்று தெரிந்தது. அவர் நுனியைச் செய்து ஒட்டவில்லை, சில வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய்த் தேடி எடுத்தார். வளைவோடு அளந்தால் சுமார் 31 சென்டிமீட்டர். 1986-ல் அந்த விலங்குக்கு அவர் பெயரையும் சேர்த்தே பெயர் வைத்தார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நிகழ்வு இது. விற்பவர்களும் வளைவோடுதான் அளந்து சொல்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், நேர்கோட்டில் அளந்தால் கணிசமாகக் குறையும்.

அளவில் சின்னது என்று எதையும் ஒதுக்காதீர்கள். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சிறுமியின் சுண்டுவிரல் எலும்புத் துண்டிலிருந்து எடுத்த டிஎன்ஏதான் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு மனித இனக்கிளையை 2010-ல் காட்டியது. சவூதி அரேபியாவின் நெஃபூத் பாலைவனத்தில் அல் வுஸ்தாவில் கிடைத்த ஒற்றை விரலெலும்பு, சுமார் 85,000 முதல் 90,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நம் இனத்தார் இருந்ததற்குச் சான்றானது. அதனால் கிடைத்ததும் தேய்த்துக் கழுவி, வார்னிஷ் அடித்து, இடத்தையும் மறந்துவிடாதீர்கள். எடுத்த இடமும் அது கிடந்த அடுக்கும் எழுதி வைக்காத எலும்பு பாதி ஊமை. பல நாடுகளில் எடுப்பதற்கோ வெளியே கொண்டுபோவதற்கோ சட்டத் தடை உண்டு. 2012-ல் அமெரிக்காவில் ஏலம் போன மங்கோலிய டைனோசர் எலும்புக்கூடு அடுத்த வருடம் மங்கோலியாவுக்கே திரும்பியது.

படம் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, இரு பக்கவாட்டும், மேலும், கீழும், உடைந்த இடமும் எடுங்கள். மூட்டுப் பக்கத்தை நேராகப் பார்த்து, பகல் வெளிச்சத்தில், கிட்டத்தில் ஒரு படம் கட்டாயம் வேண்டும். விற்பவரிடம் கேட்கும்போதும் இந்தப் படத்தைத்தான் முதலில் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் வேறு கேள்வி கேட்கத் தேவையில்லை, விட்டுவிடுங்கள்.