பாட்டும் அட்டையும் போதுமா, கரும்பலகை வேண்டாமா?

சாக்பீஸ்: 2022-ல் அரசுப் பள்ளிகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்று வகுப்புவரை ஒரே பாட்டும் ஆட்டமும்தான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள், சரி. படிப்பு எங்கே? பிள்ளை அட்டைகளை வைத்துத் தானே படிக்கிற செயல்வழிக் கற்றலையும் இப்படித்தான் 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, நான்கைந்து வருஷத்தில் மாநிலம் முழுக்க இறக்கினார்கள். வாய்ப்பாடு போனதுதான் மிச்சம்.

ஈராசிரியர்: வாய்ப்பாட்டைக் கோரஸாகச் சொல்லும்போது யாருக்குத் தெரியும், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா சார்? செயல்வழிக் கற்றலில் அட்டைகளைப் படிப்படியாக முடித்து ஏறுகிற ஏணிப்படி முறை இருக்கிறது. அதில் காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். ஆந்திராவில் ரிஷிவேலி பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கவேண்டி வந்ததால் உருவான முறை அது. எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். நான் ஒரு வகுப்புக்குக் கரும்பலகையில் நடத்தினால் மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

சாக்பீஸ்: அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வந்ததா? முதல் வருஷம் ஜோராக இருந்தது. அப்புறம் பாதி அட்டையைக் காணோம், பிள்ளை ஏணியில் தொங்கிக்கொண்டு நின்றது. நாங்கள் யார் எந்தப் படியில் என்று குறிக்கிற அடைவு அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தோம்.

தென்காசி அம்மா: நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். என் பையன் மூன்றாவது. பாட்டெல்லாம் ராகத்தோடு பாடுகிறான், 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்கிறான். அவனை ‘அரும்பு’ என்கிற முதல் நிலையில் வைத்திருக்கிறார்கள். தெருப் பிள்ளைகள் ‘ஏய் அரும்பு’ என்றே கூப்பிடுகிறார்கள்.

ஈராசிரியர்: அம்மா, அரும்பு, மொட்டு, மலர் எல்லாம் பிள்ளை இன்றைக்கு எங்கே நிற்கிறான் என்று பார்க்கத்தான். வருஷம் முழுக்க அரும்பிலேயே இருந்தால் டீச்சரிடம் கட்டாயம் கேளுங்கள். 35 என்று சொல்வது, 2-லிருந்து 7 போகாததால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுவதால் வருகிறது. நான்கு பத்துக்குச்சிக் கட்டு, இரண்டு உதிரி கொடுத்து ஒரு கட்டை அவனையே அவிழ்க்கச் சொல்லுங்கள். இரண்டு பன்னிரண்டானதும் அவனுக்கே பிடிபடும். அதன்பிறகு பலகையில் ‘கடன் வாங்குவதை’ நான் படிப்படியாக எழுதிக் காட்டுவேன்.

சாக்பீஸ்: ஆக, கடைசியில் பலகைக்குத்தானே வந்தீர்கள்!

ஈராசிரியர்: பலகை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? குச்சியைத் தொடாத பிள்ளைக்குப் பலகையில் எழுதிய ‘1’ எங்கிருந்து வந்தது என்று புரியாது.

சாக்பீஸ்: அந்தக் குச்சிக் கட்டை முப்பது பிள்ளைகளிடமும் போய்ப் பார்க்க எனக்கு நேரம் கொடுங்கள், நானும் செய்கிறேன். இப்போது அந்த நேரத்தில் செல்போன் செயலியில் மதிப்பீடு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஈராசிரியர்: அதில் உங்கள் கட்சிதான் சார்.